சைல்ட் ப்ராசஸ்: வைவாவில் சொல்வதும் கணினியில் நடப்பதும்

மும்பை பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிப்பவர்களுக்கு நான்காம் செமஸ்டர் ஆபரேட்டிங் சிஸ்டம் லேபில் ஒரு பரிசோதனை உண்டு. ஃபோர்க் அழைப்பால் ஒரு சைல்ட் ப்ராசஸை உண்டாக்க வேண்டும். அதற்குள்ளிருந்து அதன் எண்ணையும் பேரன்ட்டின் எண்ணையும் அச்சிட வேண்டும். பத்துப் பதினைந்து வரி நிரல்தான். ஜர்னலில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஓரல்ஸ் முடிந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பிற்பாடு ஐரோலியிலோ அந்தேரியிலோ வேலைக்குப் போய், நள்ளிரவில் ஒரு சர்வர் திணறும்போது, காரணம் அந்தப் பதினைந்து வரிக்குள்ளேயே இருந்தது என்று தெரியவருகிறது.

தாராவியிலும் மாட்டுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் இருந்துகொண்டு, வீட்டில் லேமிங்டன் ரோட்டில் வாங்கிய பழைய விண்டோஸ் லேப்டாப், கல்லூரி லேபில் லினக்ஸ் என்று இரண்டுக்கும் நடுவே படிக்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். தவறான நம்பிக்கைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் முளைக்கின்றன.

நம்பிக்கை: வீட்டு லேப்டாப்பில் ஃபோர்க் ஓடவில்லையென்றால் கம்பைலர் சரியில்லை.

கம்பைலர்மேல் குற்றம் இல்லை. விண்டோஸ் தன் நிரலாளர்களுக்கு ஃபோர்க் என்ற அழைப்பையே தருவதில்லை. மின்ஜிடபிள்யூ கம்பைலரில் ஹெடர் ஃபைல் கிடைத்துவிடும். கம்பைல் செய்யும்போதோ லிங்க் செய்யும்போதோ ஃபோர்க்கைக் காணோம் என்று நின்றுவிடும். எத்தனை தடவை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தாலும் இதுவேதான். டாஸ்பாக்ஸில் டர்போ சி வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதிலுள்ள ஸ்பான் அழைப்புகளால் இன்னொரு நிரலை ஓட்ட முடியும். ஆனால் அது முடியும்வரை முதல் நிரல் காத்திருந்தே ஆக வேண்டும். காத்திருக்காமல் ஓட்டு என்று கேட்டால் பிழைதான் வரும்.

யூனிக்ஸ் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தது. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை ஃபோர்க் நகலெடுக்கும். அந்த நகலுக்குள் வேறு நிரலை எக்ஸெக் ஏற்றும். எக்ஸெக்கால் புது ப்ராசஸ் எதுவும் பிறப்பதில்லை, ப்ராசஸ் எண்ணும் மாறுவதில்லை. விண்டோஸில் எல்லாம் சேர்ந்து க்ரியேட்ப்ராசஸ் என்ற ஒரே அழைப்பு. ஃபோர்க்குக்கு ஓர் ஆர்க்யுமென்ட்கூடக் கிடையாது, இதற்குப் பத்து.

ஃபோர்க் என்ற யோசனையை மெல்வின் கான்வே 1963இல் முன்வைத்தார். பெர்க்லியின் ஜீனி திட்டம் வழியாக அது கென் தாம்ப்சனிடம் வந்து சேர்ந்தது. பிடிபி-7 இயந்திரத்தில் அதற்கு 27 வரி அசெம்பிளி போதுமானதாக இருந்தது என்று டென்னிஸ் ரிட்சி பதிவு செய்திருக்கிறார். இன்றைய பெரிய நிரல்களுக்கு இந்த முறை பொருந்தவில்லை, இதை வரலாற்றுச் செய்தியாக மட்டும் கற்பித்தால் போதும் என்று ஆண்ட்ரூ பாமனும் மூன்று சக ஆராய்ச்சியாளர்களும் 2019இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஃபோர்க்கைக் கற்றுத்தரத்தான் வேண்டும். ஆனால் அதை மட்டும் கற்றுக்கொடுத்து, உலகம் முழுக்க இப்படித்தான் என்று பிள்ளைகளை நம்பவைப்பது தவறு.

விண்டோஸ் லேப்டாப்பிலேயே பரிசோதனையைச் செய்ய வழி இருக்கிறது. டபிள்யூஎஸ்எல் இரண்டாம் பதிப்பைப் போட்டால் உள்ளே நிஜமான லினக்ஸ் கெர்னலே ஓடும். காசு கிடையாது.

நம்பிக்கை: பேரன்ட் எண் 1 என்று வந்தால் நிரல் தவறு.

இந்தத் தவறான எண்ணத்தால் வீணாகும் நேரத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பேரன்ட் தன் எண் 4210 என்று அச்சிடுகிறது. சைல்டோ தன் பேரன்ட் 1 என்கிறது. மாணவர் பதறிப்போய், இரண்டும் பொருந்தும்வரை திரும்பத் திரும்ப ஓட்டி, பொருந்திய அவுட்புட்டை மட்டும் ஜர்னலில் ஒட்டுகிறார். கற்றுக்கொண்டிருக்க வேண்டியது தூக்கியெறிந்த அவுட்புட்டில்தான் இருந்தது.

ஃபோர்க் முடிந்தபின் பேரன்ட் முதலில் ஓடுமா சைல்ட் முதலில் ஓடுமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வெயிட் அழைப்பு இல்லாத நிரலில் பேரன்ட் முந்திக்கொண்டு முடிந்துபோகலாம். அநாதையான சைல்டை, முதல் ப்ராசஸான இனிட் தத்தெடுக்கும், அதனால்தான் 1. உபுண்டு டெஸ்க்டாப்பில் சில சமயம் 1கூட வராது, சம்பந்தமே இல்லாததுபோல் 1873 மாதிரி ஓர் எண் வரும். அதுவும் சரியான விடைதான். 2012இல் வந்த லினக்ஸ் 3.4 முதல், இனிட் அல்லாத வேறொரு ப்ராசஸும் தன் சந்ததியில் அநாதையாகிறவற்றைப் பொறுப்பேற்க முடியும். பயனருக்கென்று ஓடும் சிஸ்டம்டி அப்படி ஏற்கிறது. பிஎஸ் கட்டளையில் அந்த எண்ணைத் தேடிப்பார்த்தால் தெரியும்.

நம்பிக்கை: பேரன்ட்டை நிறுத்தினால் சைல்டும் நின்றுவிடும்.

டெர்மினலில் கன்ட்ரோல்-சி அடித்தால் இரண்டும் நிற்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை இது. அங்கே நடப்பது வேறு. முன்னணியில் ஓடும் ப்ராசஸ் குழுவிலுள்ள எல்லோருக்கும் டெர்மினல் சிக்னல் அனுப்புகிறது. பேரன்ட்டை மட்டும் கில் செய்து பாருங்கள், சைல்ட் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். விண்டோஸிலும் அதே கதைதான், தத்தெடுப்பு மட்டும் அங்கே இல்லை. பேரன்ட்டின் எண் பிறக்கும்போது குறித்துவைக்கப்படுவதோடு சரி. பேரன்ட் போனபின் அந்த எண் சம்பந்தமில்லாத வேறொரு நிரலுக்குப் போய்விடலாம். அதை நம்பி ஒரு கூட்டத்தையே நிறுத்தப் போனால் அப்பாவி நிரல் ஒன்று சாகும். எல்லாம் ஒன்றாக முடிய வேண்டுமென்றால் விண்டோஸ் 2000 முதல் ஜாப் ஆப்ஜெக்ட் இருக்கிறது. லினக்ஸில் ப்ராசஸ் குழுவுக்கே சிக்னல் அனுப்பலாம்.

நம்பிக்கை: ஜாம்பி ப்ராசஸ் மெமரியைத் தின்கிறது, கில் -9 போட வேண்டும்.

ஜாம்பி ஏற்கெனவே செத்துவிட்டது. அதன் மெமரியும் திறந்திருந்த ஃபைல்களும் திருப்பி வாங்கப்பட்டுவிட்டன. மீதியிருப்பது ப்ராசஸ் அட்டவணையில் ஒரு வரி, அதில் அதன் எண்ணும் முடிவு நிலையும். பேரன்ட் வெயிட் அழைத்து அந்த முடிவைப் படிக்கும்வரை வரி அழியாது. செத்ததற்கு எந்த சிக்னலும் உறைக்காது. தவறு பேரன்ட்டினுடையது, திருத்த வேண்டியதும் அங்கேதான். அவசரத்துக்குப் பேரன்ட்டை நிறுத்தினால் இனிட் தத்தெடுத்து முடிவைப் படித்துவிடும்.

ஒன்றிரண்டு ஜாம்பியால் கேடில்லை. மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று சேர்ந்தால் ப்ராசஸ் எண்களே தீர்ந்துபோகும். லினக்ஸ் கெர்னலின் வழக்கமான வரம்பு 32,768. புதிய சிஸ்டங்களில் இதைக் கூட்டி வைத்திருப்பார்கள். எண் தீர்ந்த நிமிடம் புதிதாக ஒரு டெர்மினல் திறந்து பார்க்கக்கூட வழியிருக்காது. டாக்கர் கன்டெய்னருக்குள் உங்கள் நிரலே ப்ராசஸ் 1 ஆகிவிடுவதால் தத்தெடுக்கும் கடமையும் அதன்மேல் விழுகிறது. டாக்கரில் இனிட் விருப்பத்தைக் கொடுத்து ஓட்டினால் அந்தக் கவலை விடும்.

விண்டோஸில் ஜாம்பி இல்லை என்பார்கள். பெயர்தான் இல்லை. சைல்டின் ஹேண்டிலை மூடாமல் வைத்திருந்தால், அது முடிந்தபின்னும் அதன் பதிவு கெர்னலில் தங்கும். ஹேண்டிலை மூடினால் சைல்ட் செத்துவிடும் என்று பயந்து சிலர் மூடுவதில்லை. அந்தப் பயம் தேவையில்லை, சைல்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நம்பிக்கை: பைதானில் எழுதினால் எல்லா சிஸ்டத்திலும் ஒரே மாதிரி.

எழுதுவது ஒரே மாதிரி, நடப்பது அல்ல. மல்டிப்ராசஸிங் மாட்யூல் விண்டோஸில் புது பைதானைத் தொடங்கி உங்கள் ஃபைலை மறுபடி இம்போர்ட் செய்கிறது. மெயின் காவல் வரி இல்லாத நிரல், 3.14க்கு முந்தைய பதிப்புகளில், லினக்ஸில் ஓடி விண்டோஸில் ரன்டைம் எரர் தருவது இதனால்தான். மேக்கிலும் 3.8 பதிப்பு முதல் இதே முறை. லினக்ஸில்கூட 3.14 பதிப்பில் ஃபோர்க்கைக் கைவிட்டு ஃபோர்க்சர்வரை வழக்கமாக்கிவிட்டார்கள். சப்ப்ராசஸ் மாட்யூலின் டெர்மினேட் லினக்ஸில் ஒரு வேண்டுகோள், சைல்ட் அதைப் பிடித்துத் தன் ஃபைல்களை மூடிவிட்டுப் போகலாம். விண்டோஸில் அவகாசமே தராமல் நிறுத்திவிடும்.

சைல்டின் அவுட்புட்டை பைப்பில் வாங்கிக்கொண்டு வெறும் வெயிட் போட்டால் நிரல் உறைந்துபோகும் அபாயம் உண்டு. லினக்ஸ் பைப் வழக்கமாக 64 கேபி கொள்ளும். அது நிரம்பியதும் சைல்ட் எழுத முடியாமல் நிற்கும், பேரன்ட் சைல்ட் முடியட்டும் என்று நிற்கும். சின்ன அவுட்புட்டில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் லேபில் தப்பித்துவிடுகிறது. கம்யூனிகேட் பயன்படுத்துங்கள்.

ஷெல்லை நடுவில் வைக்கும் பழக்கத்தையும் இன்றே விடுங்கள். பயனர் தட்டிய ஃபைல் பெயரைக் கட்டளையோடு ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், பெயருக்குள் ஓர் அரைப்புள்ளி வைத்து அவர் தன் கட்டளையை உங்கள் சர்வரில் ஓட்டிவிடுவார். ஆர்க்யுமென்ட்களைப் பட்டியலாகக் கொடுங்கள். விண்டோஸ் அந்தப் பட்டியலையும் ஒரே சரமாக்கித்தான் சைல்டுக்குத் தருகிறது, பிரித்துக்கொள்வது சைல்டின் பாடு. ஸ்பேஸும் மேற்கோள் குறியும் உள்ள பெயர்களைக் கொடுத்துச் சோதித்துவிட்டே ஒப்படையுங்கள்.

தேர்வு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பேரன்ட் எண் 1 என்று காட்டும் ஜர்னலுக்கு மதிப்பெண் வெட்டாதீர்கள். ஏன் 1 வந்தது என்று கேளுங்கள். மாணவர்களே, லினக்ஸும் சியும் தமிழில் கேட்டுப் படிக்க, பவாயில் உள்ள ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலில் பாடங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பாருங்கள்.