பிஞ்சு இதயத்தின் எதிரொலி

குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் நிற்கிறீர்கள். தாம்பரம் நோக்கி ஓர் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல், ஊதிக்கொண்டே விரைகிறது. நெருங்கி வரும்போது ஊதலின் சுருதி உயர்ந்தும், கடந்து போனதும் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? 1842-இல் ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் விளக்கிய விளைவு இதுவே. பிறந்த குழந்தையின் இதயக் கோளாற்றைக் கண்டறியவும் இதுவே உதவுகிறது.

ஆயிரம் குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது பேர் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். கருவிலிருக்கும் குழந்தைக்கு நுரையீரல் வேலை செய்வதில்லை. ஆகவே நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பிறந்த சில நாட்களில் அது தானே மூடிக்கொள்ளும். ஆனால் சில குறைகளில் அந்தக் குழாயே உயிர்நாடி. அது மூடியதும், நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென நீலம் பாரித்துவிடும். அதற்குள் குறையைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

நம் காதுக்கு எட்டுவது விநாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான். சிசுவின் மார்பில் வைக்கும் கருவியோ சுமார் 80 லட்சம் முதல் 120 லட்சம் அதிர்வுகள் கொண்ட மீயொலியை அனுப்புகிறது. இடையே காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும். அதனால் முதலில் பசை தடவுகிறார்கள். உடலுக்குள் மீயொலி விநாடிக்கு 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு, இதயச் சுவர் எங்கே, ஓட்டை எங்கே என்று கணிப்பொறி படம் வரைகிறது.

ஓடும் இரத்த அணுக்களும் எதிரொலி தரும். ரயில் ஊதலைப் போலவே அதன் அதிர்வெண் மாறும். கருவியை நோக்கி வரும் இரத்தம் சிவப்பாகவும், விலகிச் செல்வது நீலமாகவும் திரையில் தெரியும். கவனியுங்கள்: இந்நிறங்கள் ஓட்டத்தின் திசையைக் காட்டுபவை, பிராணவாயுவின் அளவை அல்ல!

1953-இல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் இம்முறையைத் தொடங்கினர். கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசலைச் சோதிக்கும் கருவியே அவர்களுக்கு வழிகாட்டியது.

இன்று பிறந்த குழந்தையின் காலில் சிறு ஒளிக்கருவியைப் பொருத்தி, இரத்தத்தில் பிராணவாயுவை அளக்கலாம். அது 95 சதவீதத்துக்குக் குறைந்தே இருந்தால் எதிரொலிப் படம் தேவைப்படலாம். குறை தெரிந்துவிட்டால், புரோஸ்டாகிளாண்டின் மருந்தால் அக்குழாயை மூடவிடாமல் காத்து, அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாம். தாம்பரம் ரயில் தடத்திலேயே, எழும்பூரில் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு: இதயச் சுவர் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால், எதிரொலி திரும்ப எவ்வளவு நேரமாகும்? போய்வரும் தூரம் 6 செ.மீ. என்பதை மறவாதீர்கள்!

(விடை: சுமார் 0.000039 விநாடி)