ஓடி முடித்த நாய்க்கு யார் பொறுப்பு?

இம்மாதப் பாடம்: வாயில்லா ஜீவன்களும் நம் கடமையும்

நாய்ப் பந்தயத்தை நம்மில் பெரும்பாலோர் நேரில் பார்த்ததில்லை. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக அது ஒரு தொழில். இன்று அத்தொழில் ஒவ்வோர் ஊராக மூடப்பட்டு வருகிறது. அது ஏன் மூடப்படுகிறது, மூடிய பின் அந்த நாய்கள் எங்கே போகின்றன, அதிலிருந்து நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன ஆகிய மூன்றையும் இப்பாடத்தில் பார்ப்போம்.

1. பந்தயம் நடக்கும் விதம்

கிரேஹவுண்ட் என்பது ஒல்லியான உடலும் நீண்ட கால்களும் கொண்ட வேட்டை நாய். மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடக்கூடியது. வட்டமான தடத்தில் இயந்திரத்தால் ஒரு பொம்மை முயலை ஓட விடுவார்கள். நாய்கள் அதைத் துரத்தும். எது முந்தும் என்று மக்கள் பணம் கட்டுவார்கள். இங்கிலாந்தில் 1926இல் மான்செஸ்டர் நகரின் பெல்வியூ அரங்கில் இது தொடங்கியது.

நாய் ஏறத்தாழ ஒன்றரை வயதில் தடத்துக்கு வருகிறது. மூன்று முதல் ஐந்து வயதுக்குள் அதன் ஓட்டம் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன் ஆயுளோ பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். வேலைக்காலம் சிறிது, மிச்ச ஆயுள் பெரிது. பிரச்சினை முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. சம்பாதித்துத் தராத நாய்க்குத் தீனி போட யாருக்கும் மனம் வருவதில்லை.

ஓடும் காலத்திலும் நிலைமை நன்றாக இல்லை. நாளின் பெரும்பகுதி கூண்டுக்குள் கழிகிறது. முழு வேகத்தில் வளைவில் திரும்பும்போது நாய்கள் ஒன்றோடொன்று மோதி விழுகின்றன. கால் எலும்பு முறிகிறது. சிகிச்சைச் செலவு நாயின் 'மதிப்பை' விட அதிகமானால் ஊசி போட்டுக் கொன்றுவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருந்தது.

2. எப்படி மூடப்பட்டது?

ஆஸ்திரேலியா: உயிருள்ள சிறு பிராணிகளைக் கட்டி வைத்து, அவற்றைக் கடிக்க விட்டு நாய்களுக்குப் பயிற்சி தருவதை 2015இல் ஏ.பி.சி. தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டியது. நியூ சவுத் வேல்ஸ் அரசு விசாரணைக் குழு அமைத்தது. 12 ஆண்டுகளில் 48,000க்கும் 68,000க்கும் இடைப்பட்ட நாய்கள் போதிய வேகமில்லை என்பதற்காகக் கொல்லப்பட்டன என்று நீதிபதி மைக்கேல் மெக்ஹ்யூவின் அறிக்கை கூறியது. 2016 ஜூலையில் அம்மாநில அரசு தடையை அறிவித்தது. தொழிலை நம்பியிருந்தவர்கள் எதிர்த்தார்கள். மூன்று மாதத்தில், அக்டோபரில், தடை திரும்பப் பெறப்பட்டது. எனினும் தலைநகர் கான்பெரா அமைந்துள்ள தனிப்பகுதி 2018 முதல் நாய்ப் பந்தயத்தைத் தடை செய்துவிட்டது.

புளோரிடா: அமெரிக்காவில் அதிகமான தடங்கள் இருந்த மாநிலம் இது. 2018 நவம்பரில் நாய்ப் பந்தயத்தை நிறுத்தலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். 60 சதவீதம் தேவை என்ற நிலையில் 69 சதவீதம் பேர் நிறுத்தச் சொன்னார்கள். அங்கே ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. நாய் ஓட்டினால்தான் அந்த அரங்கில் சீட்டாட்ட அறை நடத்த அனுமதி கிடைக்கும். அதனால் பார்க்க ஆளில்லாத அரங்குகளிலும் நாய்கள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு சூதாட்டத்தைக் காப்பாற்ற இன்னொரு சூதாட்டம், அதற்கு விலை நாயின் கால். 2020 டிசம்பர் 31 அன்று அங்கே கடைசிப் பந்தயம் நடந்தது.

நியூசிலாந்து: 2024 டிசம்பரில் அரசு முடிவை அறிவித்தது. 2026 ஜூலை 31ஐ இறுதி நாளாகக் குறித்தது. இடையில் 20 மாத அவகாசம் விட்டதற்குக் காரணம், ஏறத்தாழ 2,900 நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்ததுதான். 2025 பிப்ரவரியில் வேல்ஸ் அரசும் தடையை அறிவித்தது.

3. மூடினால் மட்டும் போதுமா?

மக்காவ் நகரைப் பாருங்கள். அங்கிருந்த கானிட்ரோம் அரங்குக்கு நாய்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தன. வந்த நாய் உயிரோடு வெளியே போவது அரிது. 2010ஆம் ஆண்டில் மட்டும் 383 நாய்கள் கொல்லப்பட்டன. இடத்தை மாற்று, இல்லையேல் மூடு என்று 2016இல் அரசு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. 2018 ஜூலையில் அரங்கு மூடிய நாளில் 500க்கும் மேற்பட்ட நாய்கள் உள்ளேயே இருந்தன. அவற்றுக்கென்று நிறுவனம் எந்த ஏற்பாடும் செய்து முடித்திருக்கவில்லை. அரசே அவற்றைப் பொறுப்பில் எடுக்க நேர்ந்தது. அனிமா என்ற உள்ளூர் விலங்கு நலச் சங்கம் பல நாட்டுத் தொண்டர்களோடு சேர்ந்து, நாய்களுக்குத் தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, இத்தாலி, பிரிட்டன், அமெரிக்கா, ஹாங்காங் என்று வீடு வீடாக அனுப்பி வைத்தது.

புளோரிடாவில் நிலைமை வேறாக இருந்தது. இரண்டு ஆண்டு அவகாசத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். கடைசியில் நாய்களை விட அவற்றைக் கேட்டு வரிசையில் நின்ற குடும்பங்களே அதிகம். இரண்டு இடத்திலும் அவகாசம் ஒன்றே. வேறுபாடு, அந்த அவகாசத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதில்தான்.

தத்தெடுக்கும் குடும்பங்களும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. தடத்திலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவில் போய் மோதும். வழவழப்பான தரையில் நிற்கப் பயப்படும். தோல் மெல்லியது, கொழுப்புக் குறைவு, ஆகவே குளிரில் நடுங்கும். துரத்தும் பழக்கம் இருப்பதால் வெளியே கயிறு இல்லாமல் விடக்கூடாது. பூனை இருக்கும் வீட்டில் முதலில் வாய்மூடி போட்டே பழக்க வேண்டும். இவ்வளவு வேகமாக ஓடிய நாய் வீட்டுக்கு வந்ததும் என்ன செய்கிறது? பெரும்பாலான நேரம் மெத்தென்ற இடம் பார்த்துத் தூங்குகிறது.

4. மார்க்கம் நமக்குச் சொல்வது

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காக ஒருவர் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டினார். அல்லாஹ் அவரை மன்னித்தான். உயிருள்ள எதற்கு உதவினாலும் நற்கூலி உண்டு என்று அப்போது நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். பூனையைக் கட்டி வைத்து, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையையும் அவர்களே எச்சரித்தார்கள். பந்தயக் கூண்டை நினைக்கும்போது இந்த இரண்டாவது செய்தி நம்மை உலுக்க வேண்டும்.

சூதாட்டம் ஹராம் என்பது நமக்குத் தெரிந்ததே. பரிசுப் பணம் வைக்கும் போட்டியை ஒட்டகம், குதிரை, அம்பெய்தல் ஆகியவற்றோடு நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். பிராணிகளை ஒன்றோடொன்று மோத விடுவதும் தடுக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கத்துச் சேவல் சண்டையும் கிடா முட்டும் இந்த வரம்புக்குள் வருபவைதான். 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் விலங்குகளை மோத விடுவதைக் குற்றம் என்கிறது.

"நாயை வீட்டுக்குள் வைக்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகியவற்றுக்கு ஹதீஸில் அனுமதி உண்டு. மற்றபடி தூய்மை குறித்த விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு இருக்கிறது. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடங்கள். ஆனால் வீட்டுக்குள் வைக்கவில்லை என்பது அடிக்கவோ கல்லெறியவோ அனுமதி ஆகாது. அந்த மனிதரும் நாயை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தாகத்தைத் தீர்த்தார், அவ்வளவுதான்.

பந்தய நாய் மட்டுமல்ல, கறவை வற்றிய மாடும், வண்டி இழுக்க முடியாத குதிரையும், முட்டையிடாத கோழியும் நம்மிடம் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. அதன் உழைப்பைத் தின்ற கைக்கு அதன் முதுமையிலும் பங்கு உண்டு. ஒன்றை வாங்கும்போதே அதன் கடைசி நாளுக்கும் சேர்த்து யோசிப்பதுதான் அமானிதம்.

வீட்டில் பேசிப் பார்க்க:

1. ஒரே அளவு அவகாசம் கிடைத்தும் மக்காவுக்கும் புளோரிடாவுக்கும் முடிவு ஏன் வேறாயிற்று?

2. ஒரு கெட்ட தொழிலை நிறுத்தும்போது அதில் பிழைத்த தொழிலாளர்களுக்கு நாம் என்ன வழி சொல்வோம்? நியூ சவுத் வேல்ஸில் தடை நிற்காமல் போனதை நினைத்துப் பதில் தேடுங்கள்.

3. பிள்ளைகளைக் கேளுங்கள்: நம் தெருவில் தண்ணீர் கிடைக்காத பிராணி எது? இந்த வாரமே வாசலில் ஒரு மண்சட்டி வைத்து, தினமும் நீர் மாற்றும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், இப்பாடத்தின் மிச்சத்தை அவர்கள் அந்தச் சட்டியிலிருந்தே படித்துக்கொள்வார்கள்.