இரத்த அழுத்தமும் தமனியில் படியும் கொழுப்பும்

உடலெங்கும் ஓடுவது ஒரே இரத்தம். அதில் கலந்துள்ள கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்பும் ஒன்றே. ஆயினும் இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்லும் தமனிகளின் சுவரில் அக்கொழுப்பு படிகிறது. இதயத்திற்கு அதனைத் திருப்பிக் கொணரும் சிரைகளில் பெரும்பாலும் படிவதில்லை. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது?

1913ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு அறிஞர்களான அனிச்கோவும் கலாட்டோவும் முயல்களுக்குக் கொலஸ்ட்ராலை உணவாக அளித்து, அவற்றின் தமனிச் சுவரில் கொழுப்பு படிவதைக் கண்டனர். படிவிற்கு முதற்பொருள் இரத்தத்திலுள்ள கொழுப்பே என்பது தெளிவாயிற்று. அதனைச் சுவருக்குள் செலுத்தும் துணைக்காரணம் அழுத்தமாகும்.

இதற்குச் சான்றுகள் உள. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரெனே ஃபவலோரோ என்னும் மருத்துவர், காலிலிருந்து எடுத்த சிரையை இதயத் தமனியின் அடைப்பிற்கு மாற்றுவழியாகப் பொருத்தினார். அவ்வாறு தமனியின் அழுத்தத்தைத் தாங்க நேர்ந்த சிரைகளிலும் ஆண்டுகள் செல்லக் கொழுப்பு படிவது பின்னர் அறியப்பட்டது. அழுத்தம் குறைந்த நுரையீரல் தமனியில் படிவு அரிது. ஆங்கு அழுத்தம் மிகுந்தால் படிவும் தோன்றுகிறது.

கணித முறையில் ஆராய்வோர் தமனிச் சுவரை வடிகட்டிக்கு ஒப்பிடுவர். மணலினூடே நீர் வடியும் வேகம் அழுத்தத்திற்கு ஏற்ப மிகும் என்பதை 1856ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி நிறுவினார். அவ்விதியே ஈண்டும் பயன்படுகிறது. சுவருள் கசியும் நீர் கொழுப்புத் துகள்களையும் உடன் கொண்டு செல்கிறது. ஆகவே உட்புகும் கொழுப்பின் அளவு, கசியும் வேகத்தையும் இரத்தத்திலுள்ள கொழுப்பின் செறிவையும் பெருக்கி வருவதாகும். இரண்டும் ஒன்றரை மடங்காயின், உட்புகுவது மூன்று மடங்கன்று. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிய இரண்டேகால் மடங்கு. வரவு மிகுந்து, வெளியேறும் செலவு குறைந்தால், எஞ்சியது சுவரில் தங்கும்.

மெய்யான தமனி இக்கணக்கினும் சிக்கலானது. மிகை அழுத்தம் சுவரின் உட்படலத்தையும் ஊறுபடுத்துகிறது. இரத்தம் சுழன்று தயங்கும் கிளைப்பிரிவுகளில் படிவு மிகுதி. எனினும் கணக்கு உணர்த்தும் பாடம் ஒன்றே: இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று பெருக்குவதால், இரண்டையும் சிறிது சிறிது குறைத்தாலும் பயன் பெரிது. ஐந்தில் ஒரு பங்கு வீதம் இரண்டும் குறைந்தால், உட்புகுவது மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் குறையும்.

உயர் அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. ஆதலின் உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினும், யாத்திரையிலாயினும் நோன்பு நாளிலாயினும், மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தலாகாது. உப்பைக் குறைத்தலும், புகையிலையை விலக்கலும், நாள்தோறும் நடத்தலும் இதயத்தைக் காக்கும் நற்பழக்கங்களாம்.