ஸ்பீக்கரில் கேட்கும் ‘ம்ம்ம்...’ எங்கிருந்து வருகிறது?

மாணவர்களே, வீட்டில் கரோக்கே பாட எல்லாம் தயார். ஆம்ப்ளிஃபயரை முடுக்கியதும், பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கருக்குள் வண்டு புகுந்ததுபோல ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்பார் அப்பா. ஆம்ப்ளிஃபயரையே மாற்ற வேண்டும் என்பார் அண்ணன். பெரும்பாலும் இரண்டும் நன்றாகத்தான் இருக்கும். கோளாறு அவற்றை இணைத்த விதத்தில் இருக்கும். கடைக்கு ஓடும் முன் நாமே கொஞ்சம் துப்பறிவோம்.

முதல் தடயம் அந்த ஒலியேதான். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 50 முறை திசை மாறி மாறிச் சுழலும் மின்னோட்டம். அது ஒலிப்பாதையில் கசிந்தால் ஆழமான ரீங்காரமாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் நான்கு டையோடுகள் இந்த மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன. அலையின் கீழ்ப்பாதியும் மேல்நோக்கி மடக்கப்படுவதால் நொடிக்கு 100 மேடுகள் உண்டாகும். படிவம் 5 இயற்பியலில் நீங்கள் வரையும் அதே படம்தான். அந்த மேடுகளைச் சமப்படுத்துவது மின்தேக்கியின் வேலை. மின்தேக்கி பழையதாகித் தளர்ந்தால் 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வெளியே தலைகாட்டும். ‘உஸ்ஸ்’ என்ற ஒலி வேறு சங்கதி. அது கருவிக்குள் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் தாறுமாறாக அசைவதாலும் வருவது. எல்லா ஆம்ப்ளிஃபயரிலும் கொஞ்சம் இருக்கும். அதைத் துரத்திப் பயனில்லை.

காதை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சிறிய ஸ்பீக்கர்களால் 50 ஹெர்ட்ஸைச் சரியாக ஒலிக்க முடியாது. அடுத்து ஒலியளவுத் திருகைத் தொடுங்கள். திருகை முழுவதும் குறைத்த பிறகும் இரைச்சல் அப்படியே இருந்தால், அது திருகுக்குப் பின்னால், பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கியில் பிறக்கிறது. அதைப் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

திருகைக் கூட்டக் கூட இரைச்சலும் கூடுகிறதா? அப்படியானால் அது உள்ளே வரும் கம்பிகளின் வழியாக நுழைகிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு எல்லா ஒலிக்கம்பிகளையும் கழற்றுங்கள். மறுபடியும் முடுக்கிக் கேளுங்கள். அமைதியாக இருந்தால் ஒவ்வொன்றாக இணையுங்கள். ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டே இணைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் குற்றவாளி எது என்று தெரியாது. அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். மடிக்கணினியை இணைத்ததும் இரைச்சல் வந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். தொலைக்காட்சியை இணைத்ததும் வந்தால் அதன் ஆன்டெனா கம்பியைக் கழற்றிப் பாருங்கள். சட்டென்று அமைதி வந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். அதன் பெயர் நிலக்கம்பி வளையம்.

மூன்று முனை பிளக்கில் நீளமான முனை எர்த், அதாவது நிலக்கம்பி. ஆம்ப்ளிஃபயர் ஒரு சுவரில், மடிக்கணினி எதிர்ச்சுவரில் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சுவருக்குள் ஓடும் நிலக்கம்பியால் ஏற்கெனவே இணைந்தவை. ஒலிக்கம்பியைச் சுற்றியுள்ள உலோக வலை அவற்றை இரண்டாவது முறையாக இணைக்கிறது. ஆக, அறையைச் சுற்றி ஒரு பெரிய உலோக வளையம் உருவாகிவிட்டது! சுற்றியுள்ள மின்கம்பிகளின் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்த வளையத்தில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831இல் மைக்கல் ஃபாரடே கண்டறிந்த விதி, உங்கள் வீட்டுக் கூடத்தில் வேண்டாத வேலை பார்க்கிறது. இரண்டு நிலக்கம்பிகளுக்கும் இடையே உள்ள சிறு மின்னழுத்த வேறுபாடும் இதற்குத் துணைபோகும்.

வளையத்தில் 10 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, உலோக வலையின் மின்தடை 0.1 ஓம் என்று கொள்வோம். ஓம் விதிப்படி 0.01 × 0.1 = 0.001 வோல்ட், அதாவது 1 மில்லிவோல்ட். ஒலிக்கம்பியில் வரும் பாட்டின் அளவு ஏறக்குறைய 300 மில்லிவோல்ட். பாட்டு உச்சத்தில் இருக்கும்போது இந்த ஒன்று காதில் விழாது. ஆனால் பாட்டு அடங்கும் இடத்தில் அந்த ஒன்றுதான் கேட்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். நிலக்கம்பியைத் துண்டித்தால் இரைச்சல் நின்றுவிடும். இது உண்மை, அதனால்தான் இது ஆபத்தான யோசனை. அந்த முனையை வெட்டுவதும் உள்ளே கம்பியைக் கழற்றுவதும் கூடவே கூடாது. லைவ் கம்பி தளர்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டுவிட்டது என்று நினைத்துப் பாருங்கள். நிலக்கம்பி இருந்தால் பெரும் மின்னோட்டம் அதன் வழியே பாயும். ஃபியூஸ் எரியும் அல்லது கசிவைக் கண்ட பாதுகாப்புச் சுவிட்ச் கண நேரத்தில் விழும். அது இல்லையென்றால் பெட்டி 230 வோல்ட்டில் சும்மா இருக்கும், ஒரு கை வந்து தொடும் வரை. கரோக்கேயில் அந்தக் கையில் உலோக மைக்கும் இருக்கலாம். நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு: இரண்டு முனை பிளக்கைச் செருக, சுவிட்சு துளையைப் பேனாவால் குத்தித் திறப்பது. தயவுசெய்து அதற்கு உரிய அடாப்டரை வாங்குங்கள். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி போட்ட கருவிகள் மட்டும் இரட்டைக் காப்பு உள்ளவை. அவை நிலக்கம்பி இல்லாமலே பாதுகாப்பாக இயங்க வடிவமைக்கப்பட்டவை.

சரியான மருந்து எளிது. எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். வளையத்தின் பரப்பு சுருங்கும், தூண்டலும் குறையும். (அதே பலகையில் அரிசிக் குக்கரையும் கேத்தலையும் சேர்த்துச் செருகிவிடாதீர்கள்.) ஒலிக்கம்பியை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்கள், இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். இதற்கும் அடங்காவிட்டால் ஒலிக்கம்பியின் நடுவில் ஒரு சிறு தனிமைப்படுத்தும் மின்மாற்றியைப் பொருத்தலாம். அதன் இரு சுருள்களுக்கும் இடையே உலோகத் தொடர்பு கிடையாது. பாட்டு காந்தப்புலமாக அக்கரை சேரும். வளையம் அங்கேயே அறுந்துவிடும். ஒளியிழைக் கம்பியும் புளூடூத்தும் இதே காரணத்தால்தான் இரைச்சலைத் தடுக்கின்றன.

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன அதே 10 மில்லி ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொண்டு, ஒலிக்கம்பியை மாற்றி, வலையின் மின்தடையை 0.02 ஓமாகக் குறைத்தால் இரைச்சல் எத்தனை மில்லிவோல்ட் ஆகும்? கம்பியின் நீளத்துக்கும் தடிப்புக்கும் இதில் என்ன பங்கு என்பதையும் எழுதிப் பாருங்கள்.