உணர்ச்சியற்ற தேமலும் உழைக்கும் கைகளும்

உடம்பில் நோவு கண்டால் மருத்துவரைத் தேடிச் செல்வது இயல்பு. நோவே இல்லாத ஒன்றுக்காக ஒரு நாள் கூலியை இழந்து மருத்துவமனை வாயிலில் காத்திருக்க எவரும் எளிதில் முன்வருவதில்லை. தொழுநோயைப் பொறுத்தவரை நம் நாட்டின் பொதுச் சுகாதார அமைப்பு எதிர்நோக்கிவரும் முதன்மையான இடையூறு இதுவே. இந்நோயின் தொடக்க அடையாளம் வலி அன்று, வலியின்மை.

தொழுநோய்க் கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். அது மிக மெதுவாகப் பெருகும் கிருமி. இரட்டிப்பதற்கே ஏறக்குறைய இரண்டு வாரங்கள் ஆகும். எனவே, தொற்று ஏற்பட்டதற்கும் அடையாளம் தோன்றுவதற்கும் இடையே சராசரியாக 5 ஆண்டுகளும், சிலரிடம் 20 ஆண்டுகள் வரையிலும் கழிந்துவிடுகின்றன. கிருமி தோலையும் புற நரம்புகளையும் தாக்குகிறது. முதலில் வெளிறிய அல்லது சற்றே சிவந்த தேமல் தோன்றும். அது அரிப்பதில்லை, எரிவதில்லை. படர்தாமரை அரிக்கும், பிறவி மச்சத்தில் உணர்ச்சி குன்றாது. கண்களை மூடிக்கொள்ளச் செய்து, தேமலின்மேல் பஞ்சு நுனியாலோ பேனா முனையாலோ மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொன்னால் வேறுபாடு புலப்பட்டுவிடும். இச்சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

தேமலே இல்லாமல் நரம்பு மட்டும் பாதிக்கப்படுவதும் உண்டு. நம் நாட்டில் இது அரிதன்று. முழங்கையின் உட்புறம் செல்லும் நரம்பு தடித்தால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய், நாளடைவில் மடங்கிவிடுகின்றன. முழங்காலின் வெளிப்புற நரம்பு பழுதுற்றால் பாதம் தொங்குகிறது. கணுக்காலின் உட்புற நரம்பு கெட்டால் உள்ளங்கால் உணர்விழக்கிறது. செருப்பு கழன்று விழுந்ததும் தெரியாமல் அவர் நடந்துகொண்டிருப்பார். முகத்து நரம்பு பாதிக்கப்பட்டால் இமை முழுவதும் மூடாது. கைகால்களில் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு, சூடு தெரியாமை, சட்டைப் பொத்தானை மாட்டுவதில் தடுமாற்றம் ஆகியவை சில வாரங்கள் நீடித்தாலே மருத்துவரிடம் காட்டவேண்டும்.

தொழுநோய் விரல்களைத் 'தின்றுவிடுகிறது' என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அங்கு மேற்கொண்ட ஆய்வுகளின் வாயிலாக இந்த எண்ணத்தைத் திருத்தினார். விரல்கள் நோயால் அழிவதில்லை. உணர்விழந்த கை அடுப்பின் சூட்டையும், மண்வெட்டிப் பிடியின் அழுத்தத்தையும், ஆறாத கொப்புளத்தையும் அறிவதில்லை. அறியாத காயம் மீண்டும் மீண்டும் ஏற்படுவதால் விரல்கள் குறைகின்றன. வலி என்பது உடலின் காவலாளி என்பதை மருத்துவ உலகம் இவ்வாறு புரிந்துகொண்டது. கையை மூலதனமாகக் கொண்டு வாழும் பீடித் தொழிலாளிக்கும் கட்டட வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் இக்காவலாளியின் இழப்பு எத்தகையது என்பதை விளக்கத் தேவையில்லை.

தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் தொடங்கிற்று. 1983இல் அது ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. ரிஃபாம்பிசின், டாப்சோன், கிளோஃபாசிமின் ஆகியவற்றைக் கொண்ட கூட்டு மருந்துச் சிகிச்சை அக்காலத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் மருந்து உட்கொண்டால் போதும், மருந்து இலவசம். முதல் தவணையிலேயே பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடுகின்றன. 1983இல் 10,000 மக்களுக்கு 57.8 ஆக இருந்த நோயாளிகள் விகிதம் 2005 டிசம்பரில் 0.95 ஆகக் குறைந்தது. ஒன்றுக்கும் குறைவு என்ற இலக்கு தேசிய அளவில் எட்டப்பட்டது.

இது பெரிய சாதனைதான். ஆயினும், பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையே இங்கு அளவுகோல் என்பதை மறந்துவிடலாகாது. சிகிச்சைக் காலம் குறுகியதும் பதிவேடும் தானாகவே குறுகும். தேடாதபோது கண்டுபிடிக்கப்படுபவர்களும் குறைவார்கள். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கண்டறியப்பட்ட சுமார் 1,74,000 புதிய நோயாளிகளுள் ஏறத்தாழ 1,03,000 பேர் இந்தியர்கள். வீடுவீடாகச் சென்று நோயாளிகளைத் தேடும் இயக்கம் 2016இல் மீண்டும் தொடங்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. கண்டறியப்படும்போதே கண்ணுக்குத் தெரியும் ஊனத்துடன் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே தாமதத்தின் உண்மையான அளவை உணர்த்தும். அதை 10 லட்சம் மக்களுக்கு ஒருவருக்கும் கீழாகக் குறைப்பது பின்னர் இலக்காக ஏற்கப்பட்டது. நிர்வாகக் கண்ணோட்டத்தில் இது காலம் தாழ்ந்து வந்த நல்ல திருத்தம்.

தாமதத்திற்கு வறுமை மட்டும் காரணமன்று. ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல ஆகும் பேருந்துக் கட்டணமும் இழக்கும் கூலியும் இன்றைய செலவு. காக்கப்படும் விரல் பல ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் பயன். இக்கணக்கில் ஏழைத் தொழிலாளி நாளைய பயனைக் குறைத்து மதிப்பதில் வியப்பில்லை. அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோய் மணவிலக்குக்குரிய காரணமாக இருந்த நிலை 2019இல்தான் மாற்றப்பட்டது. மனைவியோ கணவனோ விலகிவிடக்கூடும் என்று அஞ்சுபவர் தேமலைத் துணியால் மறைத்துக்கொள்வார்.

நோயாளியை அழைத்துவரும் ஆஷா பணியாளருக்கு ஊக்கத்தொகை வழங்க வகை செய்யப்பட்டது. ஊனம் ஏற்படும் முன் அழைத்துவந்தால் 250 ரூபாய். ஊனத்திற்குப் பின் எனில் 200 ரூபாய். வேறுபாடு 50 ரூபாயே. விரைவுக்குத் தனி மதிப்பு உண்டு என்பதை அரசு ஏற்றது நன்று; அம்மதிப்பு இவ்வளவு சிறிதாக இருக்கவேண்டுமா என்பது ஆராயத்தக்கது. ஏனெனில் நரம்பின் செயலிழப்பு தோன்றி 6 மாதங்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கப்பட்டால் உணர்ச்சியும் வலுவும் திரும்பப் பெரிதும் வாய்ப்புண்டு. அக்காலம் கடந்தபின் கிருமியைக் கொல்லலாம்; நரம்பை மீட்பது அரிது.

மரத்துப்போதல் அனைத்தும் தொழுநோயன்று. நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்களின் உள்ளங்கால் எரிச்சலும் மரப்பும், வைட்டமின் பி12 குறைபாடும், மணிக்கட்டு நரம்பு நெருக்குண்பதும் பரவலானவை. இவற்றுக்கும் உரிய பரிசோதனை தேவை. உடலின் ஒரு பக்கம் திடீரென மரத்து, பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கக்கூடும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியதாகையால் அப்போது ஒரு நிமிடமும் காத்திருத்தல் ஆகாது. கால்களில் தொடங்கிய மரப்பும் தளர்ச்சியும் ஓரிரு நாட்களில் மேலேறினாலும் அவ்வாறே.

மருந்து முடிந்ததும் தொழுநோயாளியின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. ஆனால் உடலின் எதிர்வினையால் நரம்பு வீங்கி நோவது சிகிச்சையின்போது மட்டுமன்றி, அது முடிந்த பின்னரும் நேரலாம். பெயர் நீக்கப்படும் நாளன்றே, முழங்கையில் வலியோ புதிய மரப்போ கண்டால் அதே நிலையத்திற்குத் திரும்பி வரவேண்டும் என்பதை அவருக்குச் சொல்லி அனுப்புதல் வேண்டும். உள்ளங்கால் உணர்விழந்தவருக்குத் திட்டத்தின் கீழ் இலவசமாகத் தரப்படும் மென்ரப்பர்க் காலணி தேய்ந்ததும் மாற்றித் தரவேண்டியதும், மாலைதோறும் பாதத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளப் பழக்குவதும் அந்நிலையத்தின் பணிகளே.