கொல்கத்தாவிலிருந்து செபாங்: பைக் பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கு

2023 செப்டம்பரில் கிரேட்டர் நொய்டாவில் மோட்டோ ஜிபி நடந்தது; மார்கோ பெஸ்ஸெக்கி ஜெயித்தார். மறு வருஷமே அது இல்லை என்றாகிவிட்டது. கொல்கத்தாக்காரர்களுக்கு வசதியானது மலேசியாவின் செபாங்தான். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஞாயிறு மட்டும் போவது காசுக்குக் கேடு. வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்றும் குறும்பந்தயமும். வெள்ளியன்று கூட்டம் குறைவு, நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

சீட்டு எடுக்கும்போது, இரண்டு நேர்பாதைகளை இணைக்கும் கடைசித் திருப்பம், அதாவது 15-வது, தெரியும் இடமாகப் பாருங்கள். முந்தும் சண்டை அங்கேதான். புல்மேடு மலிவு, ஆனால் வெயிலும் மழையும் தலைமேல்தான். பிற்பகல் மழைக்குக் குடை வேண்டாம், பின்னால் இருப்பவர் திட்டுவார். மழைக்கோட்டு போதும். காதுக்குப் பஞ்சு பத்தாது, மருந்துக் கடையில் இயர்பிளக் வாங்குங்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். தங்குவதற்குக் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் நல்லது: கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் அருகில், இட்லிக்கும் தமிழுக்கும் பஞ்சமில்லை. கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலிருந்து முறுக்கு கட்டிக்கொண்டு போக அவசியமே இராது. திரும்பும் விமானத்தைத் திங்களுக்குப் போடுங்கள்.