நட்சத்திரமா, குடிலா, வாழ்த்து அட்டையா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடும்போது கிறிஸ்துமஸுக்கு ஓரிரண்டு நாள்தான் மிச்சம் இருக்கும். ஜனவரி பிறந்ததும் மறுபடி பள்ளி. இந்த இடைவெளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கையால் ஏதாவது செய்ய ஆசைப்படும் பெற்றோர், எது அழகாக வரும் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். வேலையில் பிள்ளையின் கை எவ்வளவு, நம் கை எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள் என்பேன். அப்பா வெட்டி, அம்மா ஒட்டி, பிள்ளை பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால் அந்த வேலை அந்த வயதுக்கு ஆகாது. அடுத்து மழையைப் பாருங்கள். டிசம்பரில் கடலோர ஊர்களில் காற்றே ஈரம். பசையும் மாவும் லேசில் காயாது.

ஒன்பது, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் தயங்காமல் நட்சத்திரம் கட்டுங்கள். கடையில் மடித்து விற்கும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தைச் சொல்லவில்லை. மூங்கிலில் கட்டி, தாள் ஒட்டி, உள்ளே விளக்குப் போடும் பழைய நட்சத்திரம். மெல்லியதாகச் சீவிய 45 செ.மீ. மூங்கில் குச்சி 10 வேண்டும். சீவித் தருவது பெரியவர் வேலை. ஒவ்வொரு குச்சியிலும் இரு முனையிலிருந்தும் 17 செ.மீ. தள்ளிப் பென்சிலால் குறி வைக்கச் சொல்லுங்கள். குச்சிகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் அதுதான். இந்தக் குறி இல்லாமல் கண்ணளவில் கட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகிவிடும். ஐந்து குச்சிக்கு ஒரு நட்சத்திரமாக இரண்டு கட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்து நூலால் இறுக்க வேண்டும். பிறகு உள்மூலைகள் ஐந்திலும் 10 செ.மீ. குச்சி ஒவ்வொன்றாக முட்டுக்கொடுத்துக் கட்டவேண்டும். அதுவரை தட்டையாகக் கிடந்தது, இரண்டாவது மூன்றாவது முட்டுக்கே உப்பிக்கொண்டு எழும். "நீங்க பிடிச்சுக்கங்க, நான் கட்டுறேன்" என்று பிள்ளை நூலைப் பிடுங்கிக்கொள்ளும் இடம் இது. கொடுத்துவிடுங்கள்.

இதில் கணக்கும் இருக்கிறது. ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவிய சபை நடத்திய பள்ளியில் 1830களில் வடிவியல் பாடமாகத்தான் பல முனைக் காகித நட்சத்திரத்தைச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். நம் மூங்கில் நட்சத்திரத்துக்கு 20 முக்கோணமும் 2 ஐங்கோணமும் வெட்ட வேண்டும்; எண்ணிப் பார்க்கும் வேலையைப் பிள்ளையிடமே விடலாம். பட்டம் விடும் தாளில் வெளிச்சம் இதமாகக் கசியும், ஆனால் ஒரு சாரல் போதும், தொய்ந்துவிடும். வண்ணக் கண்ணாடித்தாள் ஈரத்துக்கு அசையாது, ஒட்டுவதற்குள் சுருங்கிப் படுத்தும். திண்ணைக்கு உள்ளே தொங்கவிடுவதென்றால் பட்டத்தாள், மொட்டை மாடிக்குக் கண்ணாடித்தாள். பின்பக்க ஐங்கோணத்தின் ஒரு விளிம்பை மட்டும் ஒட்டாமல் விட்டால் பல்பு மாட்டலாம். எல்.இ.டி. பல்பு மட்டும் போடுங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும். மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி வராதிருக்க மயில்துத்தம் போடும் வழக்கம் உண்டு. அது விஷம். பிள்ளைகள் தொடும் பசையில் வேண்டவே வேண்டாம். அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே காய்ச்சினால் போதும்.

வீட்டில் மூன்று வயதும் ஏழு வயதும் பன்னிரண்டும் கலந்து இருந்தால் நட்சத்திரம் சண்டையில் முடியும். அப்போது குடில்தான். பழுப்புத் தாளைக் கசக்கி மலையாக்கச் சின்னதுக்குத் தெரியும், அதைப்போல் வேறு யாராலும் கசக்க முடியாது. பஞ்சில் ஆடு செய்து ஈர்க்குக் கால் வைக்க ஏழு வயதுக் கை போதும். வைக்கோல் கூரை வேய்வது பெரியவனுக்கு. தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பனையோலை கிடைக்கும். நனைத்து வைத்தால் சொன்னபடி மடங்கும். கொலுவுக்குப் பூங்கா கட்டிப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கும் இந்த வேலை உடனே பிடிபடும்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். குடிலுக்குப் புல்வெளி வேண்டுமென்றால் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கோதுமையோ ஒரு வாரம், பத்து நாள் முன்பே விதைக்க வேண்டும். அதாவது தேர்வு நடக்கும்போதே. காலையில் புத்தகத்தை எடுக்குமுன் தட்டை எட்டிப் பார்த்து, தண்ணீர் தெளித்துவிட்டுப் போவதால் மதிப்பெண் குறைந்துவிடாது.

அசிசி பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் வைக்கோலும் மாடும் கழுதையுமாக அமைத்த காட்சிதான் குடில் வழக்கம் பரவக் காரணம் என்பார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடிக்கும். குடிலின் பெரிய நன்மை, வேலை ஒரே நாளில் தீராது. டிசம்பர் 24 இரவில்தான் குழந்தை இயேசுவை வைப்பார்கள். மூன்று ராஜாக்களைத் தூரத்தில் நிறுத்தி, தினம் கொஞ்சம் நகர்த்தி, ஜனவரி 6 திருநாளன்று குடிலுக்குள் சேர்க்கலாம். யார் நகர்த்துவது என்று முறை வைத்துவிடுங்கள்.

உப்பு மாவுப் பொம்மையை இப்போது எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள்: இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, அதற்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர், பிசைந்து ஓவனில் உலர்த்துவது. குளிரும் உலர்ந்த வீடும் உள்ள நாட்டுக்குச் சரி. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ உப்பு ஈரத்தை இழுத்து, காய்ந்த பொம்மையும் வியர்த்து நெகிழ்ந்துவிடும். நாய் வளர்ப்பவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அவ்வளவு உப்பு அதன் உயிருக்கே ஆபத்து. பிசையத்தான் ஆசை என்றால் களிமண் வாங்கிக் கொடுங்கள்.

ஐந்தாறு வயதுக்கும், டிசம்பரில் நேரமே கிடைக்காத வீட்டுக்கும் பொங்கல் வாழ்த்து அட்டை. ஒரு காலத்தில் கரும்பும் பானையும் காளையும் சினிமா நட்சத்திரங்களுமாகக் கடைவாசலில் சரம் சரமாகத் தொங்கிய அட்டைகள் கைபேசி வந்ததும் அருகிப்போயின. பிள்ளைகள் கையால் திரும்பி வந்தால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. செலவும் குறைவு. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி வண்ணத்தில் தோய்த்து அழுத்தினால் பூ விழும். முற்றிய காய்தான் அச்சுக்கு நன்று, இளசு நசுங்கிவிடும். கரும்பைப் பிள்ளை வரையட்டும், கோணலைத் திருத்தாதீர்கள். தாத்தா பாட்டி முகவரியை ஆறு இலக்கப் பின்கோடோடு அதுவே எழுதட்டும். அட்டை 14-ஆம் தேதிக்கு முன் போய்ச் சேர, ஜனவரி முதல் வாரத்திலேயே தபாலில் போட்டுவிடுங்கள்.